ஒரு சாண் தூக்கி

“நமக்குத்தான் பின்னாடி கண்ணே இல்லியேப்பா, பின்னாடி வர்ற வண்டி இடிச்சிட்டா?” என்று தமிழினி ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. சாமிதுரை பைக்கை ஓரம் கட்டி, அவளை இறக்கிப் பின்பக்கம் அழைத்துப் போய்ச் சிவப்பு விளக்கைக் காட்டினான். “இது நாம பாக்குறதுக்கு இல்லடா, நம்மளப் பாக்குறதுக்கு. இது எரியிற வரைக்கும் பின்னாடி வர்றவங்க கண்ணெல்லாம் நம்ம கண்ணுதான்.”

கைப்பிடி அரிசியோடு கணவனின் முகத்தருகே குனிந்த கனகாவுக்கு எங்கிருந்தோ அந்தக் கேள்வி வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

“போடுங்க அண்ணி” என்றான் அர்ச்சுனன், சாமிதுரையின் தம்பி. “வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துடணும்.”

பிரேதப் பரிசோதனை முடித்து வெள்ளைத் துணியில் இறுகச் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் அதில் ஒரு கீறல்கூட இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், “தூங்குற மாதிரியே இருக்குது” என்றார்கள். கனகா அரிசியைப் போட்டாள். உதட்டில் தங்காமல் கன்னத்தின் வழியாகச் சரிந்து விழுந்தது.

ரோட்டில் சாமிதுரையைப்போல் பயந்து வண்டி ஓட்டியவன் அந்தத் தெருவில் கிடையாது. சாயங்கால வேலைக்குக் கறுப்புச் சட்டை போடமாட்டான். மட்கார்டிலும் ஹெல்மெட்டின் பின்னாலும் மினுங்கும் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தான். “அண்ணன் வண்டி வந்தா சாமி ஊர்வலம் வர்ற மாதிரி இருக்குது, கையெடுத்துக் கும்பிடத் தோணுது” என்று அர்ச்சுனன் கேலி செய்வான். “கும்பிட்டுட்டு ஒதுங்கிப் போடா, அதான் வேணும்” என்பான் சாமிதுரை.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் சூளையிலிருந்து வரும் பீங்கான் ப்யூஸ் கட்டைகளை மூட்டையில் அடுக்கி, பைக்கில் கட்டிக்கொண்டு போய்க் கடைகளுக்குப் போடுவது அவன் தொழில். வைக்கோல் வைத்து அடுக்குவதும் கட்டுவதும் கனகா. கட்டி முடித்ததும் அவன் வண்டிக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பான். மூட்டை தொங்கி விளக்கை மறைத்தால், “இன்னும் ஒரு சாண் தூக்கிக் கட்டு” என்பான். ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்வான்.

நேற்று அவன் பார்க்கவில்லை. வேப்பூர்க் கடைக்காரர் போனுக்கு மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். முந்தின நடையில் பாதிக் கட்டை விரிசல் விட்டதென்று வாங்கிய ஏச்சு வேறு இருந்தது. அதனால் கனகா மூட்டையின் பின்பக்கம் வைக்கோலால் ஒரு திண்டு போலச் சுருட்டி, கூடுதலாக வைத்துக் கட்டினாள். வண்டி குலுங்கினாலும் பீங்கான் உடையாது. அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு வந்து, “கட்டிட்டியா?” என்றான். “எல்லாம் கட்டியாச்சு, கெளம்புங்க” என்றாள் அவள். அவன் கிளம்பிவிட்டான்.

அந்தத் திண்டு எவ்வளவு தொங்கியது? எத்தனை தடவை நினைத்துப் பார்த்தும் கனகாவுக்கு அது பிடிபடவில்லை. வைக்கோலை இறுக்கிய கயிறு கண்ணுக்குள் வந்தது, போட்ட முடிச்சு வந்தது. அதற்குக் கீழே என்ன இருந்தது என்பது மட்டும் வரவில்லை.

மேளச் சத்தம் தெருமுனை திரும்பி, மணிமுத்தாற்றின் பக்கம் தேய்ந்து போனது.

மறுநாள் ஆண்கள் பால் தெளித்துவிட்டுத் திரும்பிய பிறகு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை.

“நான் காசியம்மா. வேப்பூர் ரோட்டுல சோளக்கதிர் சுட்டு விக்கிறேன்” என்றாள். “அந்தத் தம்பி வுழுந்தது என் கடைக்கு எதிர்க்கத்தான்.”

பையிலிருந்து சாமிதுரையின் துண்டை எடுத்துக் கொடுத்தாள். துவைத்துக் காயவைத்து நான்காக மடித்திருந்தாள். கனகா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“கூட யாராச்சும் இருந்தாங்களாம்மா?”

“நான் இருந்தேன் தாயி. இருட்டிடுச்சி, வண்டி பாட்டுக்கு வந்துகிட்டே இருக்குது. மேல ஏத்திடப் போறானுவோன்னு வேப்பங்கெளய ஒடிச்சி ரோட்டுல போட்டேன். இடிச்ச பையனும் ஓடிப்போவல. போன் லைட்ட ஆட்டி ஆட்டி வண்டிய நிறுத்தினான். நான் தலைய மடியில வச்சிக்கிட்டேன். தண்ணி கேட்டுச்சு. ஊத்தினேன். ரெண்டு மொடக்கு உள்ள போச்சு.”

மனைவியோ மகளோ ஊற்ற வேண்டிய தண்ணீர். கனகா துண்டின் மடிப்பை விரலால் தடவினாள்.

“எதுனா சொன்னாரா?”

காசியம்மாள் மஞ்சள் பையை மடித்தாள். “பீங்கான் எல்லாம் ஒடஞ்சிடுச்சான்னு கேட்டுச்சு. ஒண்ணுகூட ஒடையல தம்பி, எல்லாம் அப்படியே இருக்குதுன்னு சொன்னேன். சரின்னுச்சு. அதுக்கப்புறம் பேசல.”

தமிழினி எழுந்து உள்ளே போனாள்.

“இடிச்சவன் பேரு திருமாலு. கம்மாபுரத்துக்காரன், லோடு வண்டி ஓட்டுறான்” என்றான் அர்ச்சுனன். அவன் கண்கள் சிவந்திருந்தன. “ஸ்டேஷன்ல உக்காந்துகிட்டு லைட்டே தெரியலன்னு சாதிக்கிறான். எங்கண்ணன் வண்டியில லைட்டு இல்லியாம்! ஊருக்கே லைட்டு போட்ட ஆளு அவரு.”

அதைக் கேட்டதும் இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்தது கனகாவின் வாய்க்கு வந்துவிட்டது.

“ஏம்மா, நீங்க பாத்தீங்களா? பின்னாடி லைட்டு தெரிஞ்சிச்சா?”

காசியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசலில் சாக்குப் போட்டு மூடியிருந்த வைக்கோல் குவியலைப் பார்த்தாள். கனகாவின் கைகளில், கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப் போன இடங்களைப் பார்த்தாள்.

“தெரிஞ்சிச்சி தாயி” என்றாள். “நல்லா செவப்பா, தூரத்துலயே தெரிஞ்சிச்சி.”

கனகா துண்டில் முகத்தைப் புதைத்தாள். அப்போதுதான் அவள் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

அர்ச்சுனன் துள்ளி எழுந்தான். “இது போதும்! கேஸு நடக்குறபடி நடக்கட்டும். அதுக்கு முன்னாடி கொளஞ்சியப்பர் கோயில்ல அவன்மேல பிராது கட்டணும். போலீசு வுட்டாலும் அவரு வுடமாட்டாரு.” காசியம்மாளின் பக்கம் திரும்பினான். “எங்களுக்குத் தீட்டு, கோயில் படி மிதிக்க முடியாது. கண்ணால பாத்தது நீங்கதான். லைட்டு எரிஞ்சிச்சு, அவன் வேணும்னே பொய் சொல்றான்னு நான் எழுதித் தரேன். வெள்ளிக்கெழம நீங்க வந்து உங்க கையால கட்டிடுங்கம்மா.”

அந்த ஊர்ப்பக்கத்தில் தீராத குறையைத் தாளில் எழுதி அந்தக் கோயிலில் கட்டுவார்கள். கட்டிவிட்டால் வழக்கு சாமியுடையது. அங்கே பொய்ப் பிராது கட்ட யாரும் துணியமாட்டார்கள். 

காசியம்மாளின் முகம் வெளுத்தது. “நானா தம்பி?”

“நீங்கதாம்மா சாட்சி.”

அவள் கனகாவைப் பார்த்தாள். “சரி தம்பி” என்றாள். குரல் அவளுக்கே கேட்டிருக்காது. குடிக்கக் கொடுத்த காப்பியைத் தொடாமல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று கனகா தூங்கினாள். கனவில்லாத தூக்கம்.

வியாழக்கிழமை காலை அர்ச்சுனன் பிராதை எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். மூட்டையை ஸ்டேஷனில் பார்த்ததாகச் சொன்னான். “ஒரு கட்ட மிச்சமில்ல அண்ணி. அவ்வளவும் தூளு. வாரி எடுக்கறதுக்கே கைய கிழிக்குது.”

ஒண்ணுகூட ஒடையல தம்பி என்று சொன்ன குரல் கனகாவின் காதில் விழுந்தது. கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

“வண்டிய படம் புடிச்சியா தம்பி?”

“எதுக்கு அண்ணி அதெல்லாம் பாத்துகிட்டு?”

“காட்டு.”

அவன் போனை நீட்டினான். கைப்பிடி வளைந்திருந்தது. பின்சக்கரம் மடங்கியிருந்தது. அவன் அதையெல்லாம் விரலால் காட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கனகா அதைப் பார்க்கவில்லை. மூட்டை கிழிந்து, தூள் சிந்தித் தொங்கியது. ஆனால் வைக்கோல் திண்டு மட்டும் அவள் போட்ட முடிச்சில் அசையாமல் இருந்தது. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் வைக்கோல்தான் இருந்தது. மினுங்கும் தாளின் ஓரம்கூட வெளியே தெரியவில்லை.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“தம்பி, பிராது வேணாம்.”

“ஏன்?”

“வேணாம்.”

“அண்ணன சாவடிச்சிட்டு அவன் ஜாலியா சுத்தணுமா? உங்களுக்கு வேணா மனசு எளகலாம், எனக்கு எளகல.”

“கட்டறதா இருந்தா அதுல எம்பேரையும் எழுதிக் கட்டு.”

“என்ன சொல்றீங்க அண்ணி?” என்றான் அர்ச்சுனன்.

“மூட்டய கட்டினது நான். திண்டு வச்சது நான். அவரு கேட்டாரு, எல்லாம் கட்டியாச்சுன்னு சொன்னேன். அந்தப் பையன் சொல்றது நெசம். லைட்டு தெரிஞ்சிருக்காது.”

“அந்தம்மா பாத்ததா சொன்னாங்களே?”

“எனக்காவ சொன்னாங்க.”

அவன் மறுபடி போனைப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். வெகுநேரம் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு வாசற்படியில் போய் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான். “இத யாருகிட்டயும் சொல்லாதீங்க அண்ணி” என்றான் தரையைப் பார்த்து. “ஊரு ஒரு மாதிரி பேசும்.”

“பேசட்டும். ஸ்டேஷன்ல சொல்லணும். பதினாறு கழியாம நான் வாசப்படி தாண்டக் கூடாதுன்னா, அவங்கள இங்க வரச் சொல்லு. அதுக்கு முன்னாடி அந்தம்மாவுக்குப் போன் போடு. நாளைக்கு வர வேணாம்னு சொல்லு.”

அவன் எண்ணைத் தேடி அழுத்தினான். “அம்மா, அர்ச்சுனன் பேசறேன். பிராது கட்டல. நீங்க வர வேணாம்.” அந்தப் பக்கம் ஒரு லாரி ஹார்ன் மட்டும் கேட்டது. பிறகு, “தாயி சாப்புடுதா?” என்று காசியம்மாள் கேட்டது கனகாவுக்கும் கேட்டது.

கதவோரம் தமிழினி நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. கனகாவால் மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தமிழினி வந்து, அம்மாவின் முழங்கால் மேல் தன் முழங்கால் படும்படி பக்கத்தில் உட்கார்ந்தாள். அர்ச்சுனன் எழுதி வந்த தாளை எட்டாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனான்.

சனிக்கிழமை ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்து கனகா சொன்னதைக் கேட்டுக்கொண்டு போனார். இரண்டு தடவை, “யோசிச்சுத்தான் சொல்றியாம்மா?” என்று கேட்டார். அடுத்த வாரம், “அவன ஜாமீன்ல வுட்டுட்டாங்க” என்று அர்ச்சுனன் சொன்னான். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். தெருவில் சிலர் பேசினார்கள். துக்கம் கேட்க வந்த ஒருத்தி, “எதுக்குடி இத வெளிய சொல்லிக்கிட்ட?” என்று உரிமையோடு திட்டினாள். கனகா அவளுக்குச் சோறு போட்டு அனுப்பினாள்.

பதினாறு கழிந்தது. மறுநாள் விடிந்ததும் கனகா குளித்துவிட்டு, சாமி விளக்கின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். திருநீறு இட்டுக்கொண்டாள். “வேப்பூர் ரோட்டுல ஒரு வேல இருக்குது, போயிட்டு வரேன்” என்று தமிழினியிடம் மட்டும் சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினாள்.

இடத்தை அவள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. தார் ஓரத்து மண்ணில் வெள்ளையாகப் பீங்கான் பொடி இன்னும் கிடந்தது. காய்ந்து சுருண்ட வேப்பிலைகள் கிடந்தன. அவள் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

எதிரே, வேப்பமரத்தடியில் காசியம்மாளின் கடை. அவள் இன்னும் வந்திருக்கவில்லை. கரியடுப்பு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மரத்தோடு சேர்த்து ஒரு குடையைக் கட்டியிருந்தார்கள். அதனடியில் ஒரு பிளாஸ்டிக் குடம் தலைகீழாக இருந்தது. கைப்பம்பு ரோட்டுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி. தினமும் அங்கே போய்த்தான் அவள் தண்ணீர் கொண்டுவர வேண்டும்.

கனகா குடத்தை எடுத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு லாரியைப் போகவிட்டு, ரோட்டைக் கடந்தாள். பம்பு இறுகிப் போயிருந்தது. உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அடித்தாள். முதலில் வந்த செந்நிறத் தண்ணீரைக் கீழே விட்டு, தெளிந்த பிறகு குடத்தை அலம்பினாள். விளிம்பு வரை பிடித்தாள். இடுப்பில் ஏற்றி, மறுபடி காத்திருந்து, கடந்து வந்தாள். மரத்தடியில் மண்ணைக் காலால் சமன் செய்து குடத்தை வைத்து, அங்கே கிடந்த அலுமினியத் தட்டைத் துடைத்து மூடினாள்.

விருத்தாசலம் போகும் பஸ் தூரத்தில் தெரிந்தது. அவள் புடவையின் ஈரத்தைப் பிழிந்துகொண்டு ரோட்டோரம் நடந்தாள். அதற்குள் கரும்பு லாரி ஒன்று கடந்து போனது. அதன் காற்றில் தட்டு எழும்பி நகர்ந்தது.

கனகா பஸ்ஸுக்குக் கை காட்டாமல் திரும்பி வந்தாள். தட்டைச் சரியாக மூடி, அதன்மேல் ஒரு கல்லை வைத்தாள்.