சோப்புத் தண்ணீர் போன வழி

கழிவுத் தொட்டியை உறிஞ்சும் லாரி அஜ்லூன் மலைச்சரிவு வீடுகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலே அதிகம். ஹியாமின் வீட்டு வாசலில் அது மூன்று மாதத்தில் இரண்டாம் தடவையாக வந்து நின்றது.

"போன தடவை அரைத் தொட்டிதான் உறிஞ்சிருக்கான், திருட்டுப்பய" என்றான் அவள் கணவன் முஃப்லிஹ், லாரிக்காரன் காதில் விழட்டும் என்றே.

"திருடணும்னா இதையா திருடுவேன், அபூ ஷாஹிர்?" என்று, ஊர் வழக்கப்படி முஃப்லிஹை மகன் பேரால் கூப்பிட்டுக் கேட்டபடி லாரிக்கார அதல்லா மூடியை நெம்பித் தூக்கினான். "சிகரெட்டை அணைங்க. யாரும் குனிஞ்சு பாக்காதீங்க, இந்தக் காத்து ஆளையே சாச்சிரும்."

ஹியாம் ஆலிவ் உதிர்க்கும் நீளக் கம்பில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, சேறு எவ்வளவு உயரம் என்று பார்க்கத் தள்ளி நின்றபடியே தொட்டியின் அடிவரை இறக்கினாள். கொஞ்ச நேரம் பிடித்திருந்து மெல்ல மேலே எடுத்தாள். துண்டில் முக்கால் பங்கு கறுப்புச் சேறு.

"தண்ணி கம்மி, சேறுதான் ஜாஸ்தி" என்றான் அதல்லா. "உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க இருக்கும், உம்மு ஷாஹிர். அதுங்க தின்னுதான் சேறு கரையும். இங்க எல்லாம் செத்துக் கெடக்கு. என்ன ஊத்துறீங்க?"

"எல்லா வீட்லயும் ஊத்துறதைத்தான்" என்றான் முஃப்லிஹ்.

ஹியாமுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. புது அறுவடைக்கு முன் மிஞ்சிய ஆலிவ் எண்ணெயில் காஸ்டிக் சோடா என்னும் காரத்தைப் போட்டுக் காய்ச்சி, உப்பைக் கொட்டினால் சோப்பு மேலே திரளும். அடியில் நிற்கும் கரிப்பான காரத் தண்ணீரை, தொட்டிக்குப் போகும் பின்கட்டு வடிகாலில்தான் கவிழ்ப்பாள். இந்த வருஷம் ஏழு ஊர்ப் பெண்கள் சோப்பு கேட்டார்கள். வாரா வாரம் காய்ச்சினாள். வாரா வாரம் நாலு வாளி கவிழ்த்தாள்.

அதை அவளே சொன்னாள்.

"அப்ப முடிஞ்சுது. இனி இந்த வீட்ல சோப்பு கெடையாது" என்றான் முஃப்லிஹ்.

இருபது வருஷக் குடித்தனத்தில் 'ஹியாமோடது' என்று ஊர் சொல்வது அந்தச் சோப்பு ஒன்றைத்தான்.

"சோப்பு மேல தப்பில்ல. நான் ஊத்தின எடம் தப்பு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்ல. சோப்பையும் நிறுத்த மாட்டேன், தொட்டியையும் சாக விட மாட்டேன்."

"உள்ள காரம் போகாம இருந்தாப் போதும். புதுக் கழிவோட பூச்சிங்க தானா வந்துரும்" என்றான் அதல்லா, குழாயை இறக்கியபடி.

லாரி கிளம்பியதும் ஹியாம் சிமெண்ட் குழைத்துப் பின்கட்டு வடிகாலை அடைத்தாள். அடுத்த காய்ச்சலிலிருந்து காரத் தண்ணீர் மொட்டைமாடிக்குப் போனது. கையுறை மாட்டி, இருபத்திரண்டு படி, நாலு வாளி. அகலத் தகரத் தட்டுகளில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டு, படிந்த உப்பைச் சுரண்டி எடுத்தாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. முஃப்லிஹ் கீழே உட்கார்ந்து தேநீர் குடித்தான்.

"சுல்தானா மாடிக்குப் போறாங்க" என்பான்.

அவள் அடுத்த வாளிக்கு இறங்குவாள்.

ஒவ்வொரு மாதம் பிறந்ததும் கம்பை இறக்கிப் பார்த்தாள். முதல் மாதம் ஒரு சாண் சேறு. இரண்டாம் மாதம் அதற்கு மேல் இரண்டு விரல். மூன்றாம் மாதம் அதற்கு மேல் ஏறவே இல்லை. முஃப்லிஹ் தானே வந்து துண்டருகே கைவிரித்து அளந்தான். நம்பாமல் மறுபடி அளந்தான்.

"அடுத்து எப்பக் காய்ச்சுறே?"

"வியாழக்கிழமை."

"வாளி தூக்கறப்பக் கூப்பிடு."

"கையுறை போட்டுக்கிட்டு வாங்க" என்றாள் ஹியாம்.