நூரிக்குப் போட்ட வேலி

முனீர் அகமதுவின் குதிரைக்கு ஆம்பூரில் ஒரு பேர் உண்டு. காதுக்குப் பக்கத்தில் சரவெடி வெடித்தாலும் நூரி அசையாது. மேலே உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளைதான் வெலவெலத்துப் போவான். அதற்காகவே வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எங்கிருந்தெல்லாமோ கல்யாண வீட்டுக்காரர்கள் முனீரைத் தேடி வந்தார்கள்.

அந்தப் பழக்கம் சும்மா வந்துவிடவில்லை. நூரி குட்டியாக இருந்தபோதே முனீர் பக்கத்தில் நின்று தகரத்தைத் தட்டுவார், பட்டாசு கொளுத்துவார். மிரண்டு ஓடினால் ஒன்றும் கிடையாது. நடுங்கிக்கொண்டாவது நின்ற இடத்தில் நின்றால் ஒரு துண்டு வெல்லம். ஒரு ஊர்வலத்தில் பொறி பறந்து தொடையைச் சுட்டபோதுகூட நூரி நகரவில்லை. அன்றைக்கு அதற்கு வெல்லம் முழு உருண்டையாகவே கிடைத்தது. முனீருக்குப் பெருமை பிடிபடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வெற்று நிலம். அதைத் தாண்டினால் மூடிப்போன ஒரு தோல் கம்பெனி. மதில் இடிந்து கிடக்க, உள்ளே தோலில் இருந்து தட்டிப்போட்ட உப்பு மேடாகக் குவிந்திருந்தது. பக்கத்திலேயே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் தேங்கிய ஒரு குழி. நூரியின் தாய் சாந்தினி அங்கேதான் உப்பை நக்கி, தாகமெடுத்து, அந்தக் குழியில் குடித்தது. வயிறு உப்பி, புரண்டு புரண்டு அது செத்ததை முனீர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். நூரியும் அதே வழியில் போவது தெரிய வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டிப்போட்டால் கால் வீங்கியது. நடமாட விட்டே ஆக வேண்டும் என்றார் மாட்டு டாக்டர். வீட்டுத் தொட்டியில் கல்லுப்பு வைத்தால் மகாராணி அதையும் நக்கிவிட்டு அங்கேயும் போனாள். முள்கம்பி போட்டால் தோல் கிழியும்; கிழிந்த தோலோடு இருக்கிற குதிரை மேல் எந்த மாப்பிள்ளை ஏறுவான்? கடைசியில் கரண்ட் வேலிதான் என்று முடிவாயிற்று.

ஒடுகத்தூர்ப் பக்கம் வேர்க்கடலைக் காட்டில் பன்றிக்கு சோலார் வேலி போடுகிற கௌதம் ஒரு சுருள் மெல்லிய கம்பியோடு வந்து இறங்கினான்.

"இது வாணாம் தம்பி," என்றார் முனீர். "குதிரைக்குக் கண்ணுக்குத் தெரியணும். தெரியாம ஓடியாந்து மோதிச்சுன்னா நெஞ்ச அறுத்துடும்."

"அப்போ பட்டையா ஒண்ணு வருது பாய். வெள்ளையா, ரிப்பன் மாதிரி. உள்ளயே கம்பி ஓடும்."

அதையே வரவழைத்து, இடிந்த மதிலுக்கு முன்னால் கம்பு நட்டு, குதிரையின் நெஞ்சு உயரத்துக்கு ஒரு வரிசையும் கீழே ஒரு வரிசையும் கட்டினார்கள். எர்த் ராடு அடித்து மீட்டரை வைத்துப் பார்த்த கௌதம் அசந்து போனான்.

"இன்னா பாய் இந்த மண்ணு, கரண்ட்ட இந்த இழு இழுக்குது?"

"எல்லாம் உப்பு தம்பி. மண்ணு பூரா உப்பு."

ஒரு புல்லுக்கும் உதவாமல் போன அந்த மண் இதற்காவது உதவியதே என்று முனீர் நினைத்துக்கொண்டார்.

"உயிருக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"மெஷின் விட்டு விட்டுத்தான் அடிக்கும் பாய். சுருக்குன்னு இருக்கும், அவ்ளோதான். ஒரு தடவ வாங்கிச்சுன்னா துள்ளிப் பின்னால ஓடிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் கிட்ட வராது."

முனீர் தலையாட்டினார். எதை வாங்கினாலும் ஓடாத ஒரு பிராணியைத் தாமே பாடுபட்டு ஆக்கி வைத்திருப்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை. கௌதமுக்குத் தெரிய வழியே இல்லை.

மறுநாள் காலையில் கொல்லைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நூரி வெள்ளைப் பட்டையில் நெஞ்சை வைத்தபடி நின்றுகொண்டிருந்தது. மெஷின் அடிக்க அடிக்க உடம்புத் தோல் துடித்தது. கால் மட்டும் ஊன்றியது ஊன்றியபடி இருந்தது. காது இரண்டும் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தன.

ஓடிப்போய் மெஷினை அணைத்தார். "பைத்தியமே, பின்னால போயேன்! போயேன்!"

சத்தம் கேட்டு மனைவி ரஃபத் ஜஹான் வந்தாள். "இன்னாங்க ஆச்சு?"

"நிக்குது ரஃபத். நான் சொல்லிக்குடுத்த மாதிரியே நிக்குது."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். ஆனால் நூரி அவரைப் பார்த்தது. கை தன்னால் சட்டைப் பைக்குள் போய் வெல்லத்தை எடுத்தது.

"இப்போ போய் குடுக்கறீங்களே!"

"எப்டிக் குடுக்காம இருக்கறது? கேக்குது பாரு."

அதோடு கெட்டது கதை. அன்றைக்குக் கட்டிப்போட்டு அடுத்த நாள் அவிழ்த்துவிட்டதும் நூரி நேராகப் பட்டைக்கே போய் நெஞ்சை வைத்தது. கௌதம் வந்து பவரை ஜாஸ்தி பண்ணினான். நூரி கொஞ்சம் அதிகமாக நடுங்கியது, அவ்வளவுதான். அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வேலியை விட்டுத் தள்ளி நிறுத்தி வெல்லம் கொடுத்துப் பார்த்தார் முனீர். அதைத் தின்றுவிட்டு, செய்யாத வேலைக்குக் கூலி வாங்கிய மாதிரி, திரும்பவும் பட்டைக்கே போயிற்று. அதைப் பார்க்க மாட்டாமல் ஒருநாள் மெஷினை நிறுத்தியே விட்டார். வெள்ளையாகக் குறுக்கே இருக்கிறதே, அதுவே தடுக்காதா என்று ஒரு நப்பாசை.

தடுக்கவில்லை. சாய்ந்து சாய்ந்து நின்றதில் கம்புகள் தளர்ந்தன. ஒரு காலை, பட்டை தரையில் கிடந்தது. நூரி இடிந்த மதிலுக்கு அந்தப் பக்கம், குழிக்குள் முன்னங்கால் இறங்க, தலை குனிந்து குடித்துக்கொண்டிருந்தது.

முனீர் கத்தினார். கீழே கிடந்த தகரத்தை எடுத்துப் படபடவென்று தட்டினார். கல்லை எடுத்து வீசினார். அது தொடையிலேயே பட்டது. வேறெந்தக் குதிரையாக இருந்தாலும் நாலு கால் பாய்ச்சலில் ஓடியிருக்கும். நூரி தலையை மட்டும் நிமிர்த்தி, நின்ற இடத்தில் அசையாமல் நின்றது. வாயிலிருந்து நீலமாகச் சொட்டியது. காது இரண்டும் அவர் பக்கம் திரும்பின.

"குடிச்சிடுச்சாங்க?" என்று பின்னாலிருந்து ரஃபத் கேட்டாள்.

முனீர் தகரத்தைக் கீழே போட்டுவிட்டுக் குழியில் இறங்கினார். சட்டைப் பையில் இருந்த வெல்லம் முழுவதையும் எடுத்து நீட்டினார்.

"மெதுவா தின்னு," என்றார்.