முழுக் குடும்பத்துடன் பார்க்கலாம்

"கையை எடுங்க சார். படம் பாக்கக் கூப்பிட்டீங்களா, ரேடியோ கேக்கக் கூப்பிட்டீங்களா?"

ஏழாம் மாடி பாப்பம்மாள் மூன்றாவது தடவையாகக் கேட்டார். முதல் தடவை சிரித்துக்கொண்டே கேட்ட குரல் இப்போது கூரையில் போய் முட்டியது. பின்வரிசையில் யாரோ, சென்சார் போர்டு நேரிலேயே வந்து நிக்குது லா என்றார்கள். இன்னொருவர், சார், கை வலிச்சா சொல்லுங்க, நான் வந்து பிடிக்கிறேன் என்றார்.

ஏரம்பமூர்த்தி அசையவில்லை. குவீன்ஸ்டவுனில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக் குடியிருப்பாளர் அறையில், சனிக்கிழமை மாலை, முப்பது பேருக்கு நடுவில், புரொஜெக்டரின் கண்ணை வலது உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றார். திரை கறுத்துக் கிடந்தது. ஆனால் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு கதவு சாத்தும் சத்தம், கட்டில் கிரீச்சிடும் சத்தம், ஆண் ஒருவரின் செருமல், வளையல். கண்ணால் பார்த்திருந்தால் என்னவாக இருந்திருக்குமோ, வெறும் சத்தமாகக் கேட்டதில் முப்பது பேரும் அவரவர் வயதுக்கும் அனுபவத்துக்கும் தக்கபடி ஒன்றை நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய தங்கை மனோரஞ்சிதம் எதையும் நினைக்கவில்லை. அண்ணனின் சட்டைக் கையில் ஒரு பொத்தான் அவிழ்ந்திருப்பதை மட்டும் பார்த்தாள். கடைசி வரிசையில், கதவோரம், ரத்னவேல் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, சிவப்பு விளக்கில் நிற்கும் பஸ் ஓட்டுநரைப் போல உட்கார்ந்திருந்தார். அவர் பஸ் ஓட்டுநர்தான். மனோரஞ்சிதத்தைக் கட்டிக்கொள்ளலாமா என்று ஏரம்பமூர்த்தியிடம் கேட்டுவிட்டு, பதிலுக்காக மூன்று வாரமாகக் காத்திருப்பவர்.

ஏரம்பமூர்த்தியை அறியாதவர்கள் அந்த புளோக்கில் கிடையாது. கப்பல் கம்பெனியில் முப்பது வருஷம் கிளார்க். ஓய்வு பெற்ற மறுமாதமே 'நல்ல படம் பாப்போம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தார். வருகிற படத்தையெல்லாம் முதலில் அவர் பார்ப்பார், பிறகு குழுவில் தீர்ப்பு வரும். தீர்ப்பு மூன்று வகை. 'முழுக் குடும்பத்துடன் பார்க்கலாம்.' 'பார்க்கலாம், இரண்டாவது பாட்டு வரும்போது பிள்ளைகளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பவும்.' 'தவிர்க்கவும்.' கடைசி வகையைத்தான் புளோக்கில் அதிகம் பேர் பார்த்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

அவருடைய அளவுகோலைப் புரிந்துகொள்ள முயன்று தோற்றவர்கள் பலர். வில்லனின் தலையை வெட்டி வாசலில் தொங்கவிட்டால் பாதகமில்லை; அது நீதி. கதாநாயகன் கதாநாயகியின் காதோரத்து முடியை ஒதுக்கினால் ரிமோட் பேசும். அதே நேரம் மாயத் தொடர்களுக்கு அவரிடம் முழு மன்னிப்பு உண்டு. தினம் மாலை ஏழு மணிக்கு ஒரு பாம்புப் பெண் தொடர் வருகிறது. அந்தப் பெண் எவன் கையைப் பிடித்தாலும், எவன் மடியில் மயங்கி விழுந்தாலும் அண்ணன் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு தடவை மனோரஞ்சிதம் கேட்டாள். அது சாபம், அதுகளுக்கு வேற வழியில்லை என்றார். முந்நூறு வருஷமாகப் புற்றுக்குள் ஒருவனுக்காகக் காத்திருந்தேன் என்று அந்தப் பெண் சொன்ன அன்று அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனோரஞ்சிதத்துக்குத் தோன்றியதெல்லாம், முந்நூறு வருஷத்தில் அந்தப் புற்றை யார் கூட்டிப் பெருக்கியிருப்பார்கள் என்பதுதான்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. அப்பா போனபோது பத்தொன்பது. அன்றிலிருந்து இருவரும் ஒரே சோபாவில், நடுவில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு படம் பார்க்கிறார்கள். காதல் காட்சி வந்தால் அண்ணன் படத்தை முன்னால் ஓட்டிவிடுவார், அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பாள். அணைந்திருக்கும் அடுப்பையும் பார்ப்பாள். இருபத்தாறு வருஷத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் படிந்துபோன வழக்கம். இடையில் அவளுக்கு மூன்று சம்பந்தங்கள் வந்தன. அவற்றையும் அண்ணன் அப்படியே ஓட்டிவிட்டார் என்று பாப்பம்மாள் லிஃப்டில் சொல்வதுண்டு. அண்ணனும் கட்டிக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார், நியாயத்துக்காக.

ரத்னவேல் வந்தது பல்வலியால். தேக்காவில் ஒரு பல் கிளினிக்கில் மனோரஞ்சிதம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஒரு கடைவாய்ப் பல்லுக்காக அவர் நாலு தடவை வந்தார். நாலாவது தடவை பல்லில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். மனைவி இறந்து ஆறு வருஷம், பிள்ளைகள் இல்லை, உங்க வீட்ல வந்து பேசலாமா என்று மேசைக்கு முன்னால் நின்று கேட்டார். சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு வாங்க என்று அவள் அடுத்த சிகிச்சைக்கு நேரம் குறிப்பதுபோலச் சொன்னாள். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர்கள் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்களே, தன்னுடையதுதானா என்று, அப்படி அன்று முழுவதும் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வந்தார், கேட்டார், தேநீர் குடித்தார். அண்ணன் "பாப்பம், யோசிப்பம்" என்றார். அவர் போனபின் அவை வேற ஆக்கள், எங்கட ஆக்கள் இல்லை என்று ஒருமுறை சொன்னார். பிறகு தொடர் ஆரம்பித்துவிட்டது. மூன்று வாரமாக அந்தப் 'பாப்பம்' வீட்டில் துவைக்காத துண்டு மாதிரிக் கிடந்தது. அண்ணன் சம்மதிக்காமல் அவள் போகமாட்டாள். அது அவளுக்கும் தெரியும், ரத்னவேலுக்கும் தெரியும், அண்ணனுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

இந்த லட்சணத்தில்தான் புளோக்கின் குடும்ப நாள் வந்தது. பதில் அங்கேயாவது கிடைக்குமோ என்று ரத்னவேலும் வந்திருந்தார். படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அண்ணனிடமே கொடுத்தார்கள். வயதான தம்பதியின் பிணக்கைப் பற்றிய படம் ஒன்றைச் சொன்னார். குழுவில் அதற்கு முதல் வகைத் தீர்ப்பு, கூடவே ஒரு குறையும்: 'இருவருக்கும் பிணக்கு எப்படித் தீர்ந்தது என்பதை இயக்குநர் காட்டத் தவறிவிட்டார்.' இயக்குநர் காட்டித்தான் இருந்தார். வீட்டில் படம் பார்த்தபோது, அறைக் கதவு சாத்தி விடிவிளக்கு எரிந்ததும் அண்ணனின் கட்டைவிரல் தன்பாட்டுக்கு அழுத்திவிட்டது. ஏழு நிமிஷம் போய்விட்டது. முன்னெச்சரிக்கையாக, அந்த இடத்தைத் தாண்டிவிடச் சொல்லி, லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ளும் சுஹைபிடம் நேரம் குறித்த துண்டுச்சீட்டு ஒன்றையும் கொடுத்திருந்தார். சரியாக அந்த நேரத்தில் சுஹைப் கறிபஃப் பலகாரப் பெட்டிகளை வாங்கிவரப் போய்விட்டான். கதவு சாத்தியது. விடிவிளக்கு எரிந்தது. ரிமோட் இல்லை. கை எழுந்தது.

"சார், வீட்டுக்குப் போய் உங்க தொடரைப் பாருங்க. நாங்க படம் பாத்துக்கிறோம்," என்றார் பாப்பம்மாள்.

பிள்ளைகள் இருக்கினம் என்று அண்ணன் திரும்பாமலே சொன்னார். அங்கே இருந்த பிள்ளைகள் இருவர், இருவரும் போனில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு எழுந்து அடங்கியது. அந்த அடக்கத்துக்குள், மனோரஞ்சிதம் உட்கார்ந்த இடத்திலிருந்தே, பக்கத்து மேசையில் உப்புக் கேட்பதுபோல, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அண்ணா, கையை எடுங்கோ. எனக்குப் பாக்க வேணும்."

அவளே அதைக் காதால்தான் கேட்டாள். யாரோ சொன்னது மாதிரி இருந்தது. அண்ணன் மெல்லத் திரும்பி, இருட்டில் தங்கை இருக்கும் திசையைப் பார்த்தார். அவளைத் தாண்டி, கதவோரம் இருந்த ஆளையும் பார்த்திருக்க வேண்டும். பிறகு கையை எடுத்தார்.

திரையில் ஓர் அம்மாள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். குனிய முடியாத உடம்பு. கிழவர் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, அவளுடைய கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். மெதுவா என்றாள் அவள். சரி என்றார் அவர். சுண்டுவிரலுக்கு வந்ததும் ஊதினார். அவ்வளவுதான்.

"இதுக்குத்தானா?" என்று பாப்பம்மாள் ஏமாற்றத்தோடு கேட்டார். முக்கால்வாசிப் பேர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனோரஞ்சிதம் ஒவ்வொரு நகமாகப் பார்த்தாள். அழவேண்டுமோ என்று தோன்றியது. அழுகை வரவில்லை. திரும்பியபோது அண்ணன் இருந்த இடத்தில் சுஹைப் கறிபஃப் பெட்டியோடு நின்றிருந்தான்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சோபாவில் இருந்தார். தொடர் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் வைக்கவில்லை. பாம்புப் பெண் வாயை வாயை அசைத்தாள். அண்ணனின் உள்ளங்கை புரொஜெக்டர் சூட்டில் சிவந்திருந்தது, அதை மடிமேல் மல்லாத்தி வைத்திருந்தார். மனோரஞ்சிதம் அரிசியைக் களைந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்த இடத்தில என்னதான் நடந்தது?" என்று கேட்டார்.

"அந்த மனுசிக்கு நகம் வெட்டிவிட்டார்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை."

விளம்பரம் வந்தது. ஒரு சோப்பு, ஒரு மசாலாத் தூள், ஒரு நகைக்கடை. எல்லாவற்றையும் அண்ணன் ஓட்டாமல் பார்த்தார். பிறகு, சோப்பைப் பற்றியே ஏதோ சொல்வதுபோல, அவள் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"அந்தப் பெடியனை ஞாயிறு வரச் சொல்லு."

அந்தப் பையன் ரத்னவேலுக்கு ஐம்பத்துமூன்று வயது. அவள் சரி என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் அந்த புளோக்கில் கல்யாணங்களுக்குக் குறைவில்லை. சுஹைபுக்கு ஜொகூரில் பெண் அமைந்து தெம்பனிஸுக்குக் குடிபோனான். பாப்பம்மாள் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே பேச ஆளில்லை என்று இங்கே உள்ளவர்களுக்குப் போன் போட்டுச் சொல்கிறார். ஏரம்பமூர்த்தி இன்னும் எழுதுகிறார். ஒரே ஒரு மாற்றம், தீர்ப்புக்கு முன்னால் 'நான் முழுவதும் பார்த்தேன்' என்று போடுகிறார். அதனால் தீர்ப்புகள் தாமதமாக வருகின்றன. ரத்னவேல் - மனோரஞ்சிதம் திருமணம் சைனாடவுன் மாரியம்மன் கோயிலில் நடந்தது. இருபது பேர். கல்யாணப் புகைப்படத்தில் அண்ணன் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். சந்தோஷமா இருக்கியா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் இருக்கிறேன் என்றாள்.

இப்போது அவள் புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிறாள். வேலை முடிந்து வந்து, பெரிய ரயிலிலிருந்து இறங்கி, அடுக்குமாடிகளுக்கு நடுவே ஆளில்லாமல் ஓடும் சின்ன ரயிலில் ஏறுகிறாள். வீடுகளை ஒட்டி வளைகிற இடங்களில் அதன் கண்ணாடிகள் தாமாகவே வெளுத்துவிடும், அங்கே குடியிருப்பவர்களின் மானத்துக்காக. முதல் நாள் திடுக்கிட்டாள். கண்ணில்தான் ஏதோ என்று கசக்கினாள். சுற்றிலும் யாரும் நிமிரவில்லை. கண்ணாடி பால்போல நின்றது. அதற்குள் யாரோ ஒருவர் வீட்டு விளக்கு மஞ்சளாக, உருவமில்லாமல், கூடவே கொஞ்ச தூரம் வந்தது. அவள் அதன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.