அவளுடைய பிராசஸர் தோற்கும் கதை

1.

காலையில் எழுந்ததும் அவன் பல் துலக்குவான். பாலை அடுப்பில் வைப்பான். அவனுடையது, மனைவியுடையது என இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஆன் செய்வான். இரண்டிலும் ஒரே வீடியோவைச் சுருக்கக் கொடுப்பான். எது பிந்துகிறதோ, அதன் சொந்தக்காரர் டீ போட வேண்டும். மனைவி இருந்தபோது வந்த பழக்கம். இப்போது யார் தோற்றாலும் டீ போடுவது அவன்தான்.

(பத்திரிகைக்கு பிராசஸர்களை ஒப்பிட்டு எழுதுவது அவன் பிழைப்பு. போன வாரமும் ஒன்று கேட்டார்கள். உட்கார்ந்தான். கட்டுரை வரவில்லை, இது வந்தது. ‘நான்’ என்று தொடங்கினால் இரண்டாம் வரியிலேயே நின்றுவிடுகிறது. அதனால் ‘அவன்’.)

2.

கட்டுரையாக எழுதிப் பார்த்த தொடக்கம்: அவனுடைய பிராசஸரின் வேகம் ஐந்தரை கிகாஹெர்ட்ஸ். அவளுடையது நாலரை. ஆகவே சிறந்தது

இந்த வாக்கியத்தை அவள் ஒருநாளும் முடிக்க விட்டதில்லை.

“வேகமா துடிச்சா ஆச்சா? ஒரு துடிப்புக்கு எவ்வளவு வேலை முடியுதுன்னு பாரு. உன்னோடது சும்மா மூச்சு வாங்குது, உன்ன மாதிரியே.”

“என்னோடது புது டெக்னாலஜி. உள்ள எல்லாம் இன்னும் பொடிசு, நானோமீட்டர் கம்மி.”

“அது பெட்டியில போட்ட பேருடா. ஸ்கேல் வச்சு அளந்தியா நீ?”

பெரும்பாலும் அவன்தான் டீ போட்டான்.

3.

கொஞ்ச நாளாக அவளுடையது தோற்கிறது. பார்க்க வந்த மச்சினி அதன்மேல் கை வைத்துப் பார்த்தாள்.

“மாமா, அக்கா மிஷின் கொதிக்குது. சூடு தாங்காம தானாவே வேகத்தக் குறைச்சுக்குது. உள்ள பேஸ்ட் காஞ்சிருக்கும். தொடச்சுட்டுப் புதுசா போடுங்க.”

“போடலாம்.”

“எப்பக் கேட்டாலும் இதேதான். அவ தோத்தா உங்களுக்கு அவ்வளவு குஷியா?”

மச்சினிக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிராசஸரின் சூட்டை மேலே கடத்தும் அந்தப் பசையை யாரும் விரலால் தடவ மாட்டார்கள். மனைவி தடவினாள். காயத்துக்குக் களிம்பு போடுவதுபோல, ஆள்காட்டி விரலால். அவன் தலையில் அடித்துக்கொண்டான். பசையில் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது. அதன்மேலேயே மூடித் திருகினாள்.

(மூடிய அழுத்தத்தில் ரேகை அன்றைக்கே நசுங்கிப் போயிருக்கும். பிராசஸர் தெரிந்தவனுக்கு அது தெரியும். கதை எழுதுகிறவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.)

4.

முடிவு ஒன்று: துடைக்கிறான். மறுநாள் அவள் ஜெயிக்கிறாள். அவன் டீ போட்டுக்கொண்டு, இரண்டு

முடிவு இரண்டு: துடைக்கவில்லை. தினமும் அவள் தோற்கிறாள். ஒருநாள் சூட்டில் அது தானே அணைந்து

மூன்றாவதில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவளை அழகாக ஒரு வாக்கியம் பேசவைத்தான். அந்த வரியை அடித்துவிட்டான். அவள் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

ஸ்க்ரூட்ரைவர் மேஜைமேல் இருக்கிறது. திறப்பதா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். சொல்வதற்கு முன், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவள் உண்மையில் சொன்னதையும் கேட்டுவிடுங்கள்.

“நான் வர்ற வரைக்கும் என்னோடதுல கை வைக்காத. நீ ஏமாத்துவ.”