அப்பா தூங்குறார்

1

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள்: என் தங்கை, அவள் கணவர் (ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி, எனக்கு மாப்பிள்ளை), வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அவர்கள் மகன், ஃபைபர் இணைப்புப் போட வந்தவர், சும்மா எட்டிப் பார்க்க வந்த எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர், நான். வேறு ஒருவரும் இல்லை. இருந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தக் கதை பிறந்தது ஒரு வதந்தியில். எங்கள் குடும்பத்தைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. வாயால் மறுத்தால் அது இன்னும் இரண்டு குட்டி போடும். அதனால் எழுதுகிறேன். கதை என்று பெயர் வைத்ததும் குடும்ப மானத்தை முன்னிட்டுத்தான். வாக்குமூலம் என்றால் குறுக்கு விசாரணை வரும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மழை வந்தால் அந்த வீட்டில் இணையம் போய்விடும். என் தங்கை அந்த மழையை..."

விட்டுவிட்டேன். மழையில் தொடங்கினால் வாசகர் அழத் தயாராகிவிடுவார். இன்னும் அழ ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது சாதாரண விஷயம். பழைய செம்புக் கம்பி இணைப்பு இற்றுப்போய்விட்டது. மகன் அலுவலகக் கூட்டத்தில் பேசும்போது திரையில் வாயைத் திறந்தபடி உறைந்துவிடுவான். "நீங்க கொட்டாவி விடுறதையே அரை மணி நேரம் பார்த்தோம்" என்று மேலதிகாரி சொன்னாராம். ஃபைபர் போடலாம் என்று முடிவானது. இரண்டு கம்பெனிகள் விலைப்பட்டியலோடு வந்தன. ஒருவர் பதிவிறக்கத்தில் அதிக வேகம் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் பதிவேற்றமும் பதிவிறக்கமும் சமம் என்றார்.

"போற வண்டிக்கும் வர்ற வண்டிக்கும் ஒரே வேகம். அதான் முறை" என்று மாப்பிள்ளை இரண்டாமவரைத் தேர்ந்தெடுத்தார்.

தங்கை மட்டும், "இருக்கிறதே போதுமே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிக்கனம் என்று நினைத்தோம்.

3

ஃபைபர் போட வந்தவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரைத் துளைத்தார். கம்பத்திலிருந்து வந்த கேபிளின் உள்ளே தலைமுடி அளவில் ஒரு கண்ணாடி இழை. மருந்துக்கடைக்காரர் தொடப் போனார்.

"மடக்கிடாதீங்க சார். வளையும், ஆனா ஓரளவுக்குத்தான். அதுக்கு மேல போனா உள்ளுக்குள்ளயே முறிஞ்சிரும். வெளிய பார்த்தா தெரியாது."

(இந்த இடத்தில் மாப்பிள்ளையின் குணத்தைப் பற்றி ஒரு உவமை எழுதி அடித்துவிட்டேன். அவர் இதைப் படிப்பார்.)

சுவரில் வெள்ளைப் பெட்டி ஏறியது. சிவப்பு விளக்கு மின்னிப் பச்சையாக நின்றது. வந்தவர் கைபேசியை எடுத்துக்கொண்டு கேட்டார்: "வைஃபைக்கு என்ன பேரு வைக்கலாம்?"

"பழைய பேரே இருக்கட்டும்" என்றாள் தங்கை. கேள்வி முடியும் முன்பே சொன்னாள்.

"பழைய பேர் என்ன?" என்றார் மாப்பிள்ளை. அவர் கைபேசியில் எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் போட்டுத் தருவார்கள்.

பதில் மருந்துக்கடைக்காரரிடமிருந்து வந்தது. "என்ன சார், தெருவுக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா? 'அப்பா தூங்குறார்'. என் கடையில நின்னு போனைத் திறந்தா முதல்ல அதான் வரும். கஸ்டமர்லாம் கேப்பாங்க, இன்னும் எழுந்திரிக்கலையா அவருன்னு."

அவர் சிரித்தார். ஃபைபர்க்காரரும் சிரிக்கத் தொடங்கி, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

4

பெயர் வைத்தது சுண்டு. என் தங்கை மகள். கல்லூரியில் படிக்கும்போது, மதியம் தோழிகள் வந்து வைஃபை கேட்டால், சத்தம் போடாதீர்கள் என்று சொல்லாமல் சொல்வதற்காக ஆங்கில எழுத்தில் அப்படி வைத்தாள். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும் என்று அவளும் நினைத்திருக்கலாம்.

அவளுக்குத் திருமணம் செய்துவைத்தோம். கணவன் வீட்டிலிருந்து ஒருநாள் பெட்டியோடு வந்து நின்றாள். காரணம்...

(எழுத மாட்டேன். அது அவள் காரணம்.)

மாப்பிள்ளை சொன்னார்: "அங்க போ. இல்லன்னா இந்த வாசல்லயும் கால் வைக்காத." அந்தத் தீர்ப்பு சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். குடும்பத்தில் ஒருவர் சொன்னபின் மற்றவர் அவர் பக்கம் நிற்பதுதான் எங்கள் வழக்கம், நான் நின்றேன். சுண்டு அங்கும் போகவில்லை. இதே ஊரில் ஒரு விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறாள். தாயின் அழைப்பைக்கூட எடுப்பதில்லை. தகப்பனுக்குத் தப்பாத மகள்.

5

இங்கே எனக்கு ஒரு சிக்கல். தங்கையை ஒரு பாத்திரமாக நான் சரியாக எழுதவில்லை. சிக்கனக்காரி என்று எழுதினேன், அது தவறு. கூடத்தில் பேச்சு சூடானதும் அவள் சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன்.

"ஒரு பேருக்குப் போயி ஏன் இப்படி அடம் பிடிக்கிற?"

"அண்ணா, பழைய மோடத்துல ஒரு வசதி இருக்கு. யார் போனாவது நம்ம வைஃபைல சேர்ந்தா என் போன்ல மணி அடிக்கும். பேரும் காட்டும்."

"அதுக்கு?"

"சனிக்கிழமை மத்தியானம், இவர் தூங்குற நேரம், மணி அடிக்கும். 'சுண்டு'ன்னு வரும்." அவள் ஏற்கனவே துடைத்த மேடையைத் திரும்பத் துடைத்தாள். "தெருவுல வந்து நிக்கிறா. பேரும் பாஸ்வேர்டும் மாறல இல்லையா, அவ போன் தானா சேந்துக்குது. அவளுக்கே அது தெரியாது."

"கூப்பிட வேண்டியதுதானே."

"ஒரு தடவை ஜன்னலைத் திறந்தேன். போயிட்டா. அப்புறம் பல வாரம் வரல. இப்பல்லாம் பாக்கிறதில்ல. மணி அடிச்சா அடிச்சதுன்னு உக்காந்திருப்பேன்."

(இந்த உரையாடலை வெளியிட அவளிடம் அனுமதி கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். அனுமதி அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.)

6

கூடத்தில் மாப்பிள்ளை உறுதியாக இருந்தார். குடும்பப் பெயரை வைக்கச் சொன்னார்.

"பேரை மாத்தினா டிவி, பிரிண்டர், கேமரா எல்லாத்தையும் மறுபடி சேர்க்கணும்பா" என்றான் மகன்.

"சேத்துக்க. தெரு சிரிக்குது."

அப்போது தங்கை வந்து, அந்நியர் இருவர் முன்னால், குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அந்தப் பேரை மாத்திட்டா, அவ வாசல்ல வந்து நின்னாக்கூட அவ போனுக்கு நம்ம வீடு யாரோ வீடுங்க."

எவள், எப்போது, எப்படி என்று மாப்பிள்ளை எதையும் கேட்கவில்லை.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் செருப்பைக்கூடப் போடாமல் விடுதிக்குக் கிளம்புகிறார். அது அவர் இல்லை. இன்னொன்றில் பெயரை மாற்றுகிறார், தங்கை வீட்டை விட்டுப் போகிறாள். அது அவள் இல்லை. மூன்றாவது நடந்தது: அவர் வெள்ளைப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருக்கிறதே இருக்கட்டும். தூங்குறவன் தூங்கிட்டே இருக்கேன்" என்று சொல்லி உள்ளே போனார்.

ஃபைபர்க்காரர் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் போட்டார். பழைய மோடம் பழைய கம்பெனியின் சொத்து. கழற்றித் திருப்பி அனுப்பப்பட்டது.

கதையை இங்கே முடித்திருக்கலாம். நீங்களும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்பீர்கள்.

7

அடுத்த சனிக்கிழமை தங்கை கைபேசியின் சத்தத்தைக் கூட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. பிறகுதான் மகன் பார்த்துச் சொன்னான்: "இந்தப் பெட்டியில அந்த வசதி இல்லம்மா. போன் சேரும். நமக்குச் சொல்லாது."

அதாவது சுண்டு வந்து நின்றால் அவள் போனுக்கு வீடு தெரியும். வீட்டுக்கு அவளைத் தெரியாது.

(நுட்பம் தெரிந்த வாசகர், மணி அடிக்கும் ரவுட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டலாமே என்பார். மகன் அதைத்தான் சொன்னான். தங்கை வேண்டாமென்றாள். "இப்ப இவருக்கும் தெரிஞ்சுபோச்சுண்ணா. இனிமே மணி அடிச்சா ரெண்டு பேரும் எழுந்திருவோம். ஜன்னல் திறக்கும். அவ போயிருவா." இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் கதையின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.)

மாப்பிள்ளை சனிக்கிழமை மதியங்களில் இப்போதும் கட்டிலில் படுக்கிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். தூங்குவதில்லை என்று தங்கைக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

8

முடிவு கேட்பீர்கள். சுண்டு இன்னும் வருகிறாளா, வருவதை நிறுத்திவிட்டாளா? பாத்திரங்களுக்கே தெரியாததை ஆசிரியன் தெரிந்தமாதிரி எழுதுவது மரியாதை இல்லை. எழுத மாட்டேன்.

வதந்தியை மட்டும் முடித்துவைக்கிறேன். போன சனிக்கிழமை மதியம் ஒரு பெண் மருந்துக்கடை ஓரம் வெகுநேரம் அந்த வீட்டையே பார்த்து நின்றாளாம். குடையைத் தாழ்த்திப் பிடித்திருந்தாளாம். பிறகு கேட்டைத் திறந்து உள்ளே போனாளாம். மகள் வீடு திரும்பிவிட்டாள், தகப்பன் ஏற்றுக்கொண்டார் என்று தெரு முழுக்கப் பேச்சு. இரண்டு பேர் எனக்கு வாழ்த்துக்கூடச் சொன்னார்கள்.

அது சுண்டு இல்லை. என் தங்கை. மகள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் வீடு எப்படித் தெரிகிறது என்று பார்க்கப் போனவள், பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். வேறு யாரும் வரவில்லை.