கதைக்காகக் கேட்கிறேன், டாக்டர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. சொன்னவள் நான். சொன்ன இடம் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரின் அறை.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியங்கள் கைவசம் இருந்தன. "என் மார்பு ரொம்பப் பெரிசு டாக்டர். கழுத்தும் தோளும் வலி உயிர் போகுது. சின்னதாக்கிக்கலாமான்னு கேக்க வந்தேன்." அவ்வளவுதான். ஆனால் அந்த அம்மாள் நிமிர்ந்து "சொல்லுங்க" என்றதும் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"நான் கதை எழுதுறவ டாக்டர். இப்ப எழுதுற கதையில ஒரு பொம்பளை மார்பைச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணிக்கப் போறா. அதைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பார்த்தார். பிராவின் பட்டை அழுத்தி அழுத்திப் பதிந்த பள்ளம் சட்டைக்கு மேலேயே தெரியும்.

"தாராளமா கேளுங்க. அவங்களுக்குக் கழுத்து வலி எப்ப இருந்து?"

"பதினாலு வயசுல இருந்து."

யோசிக்கக்கூட இல்லை. தன் கதாபாத்திரத்தைப் பற்றி இவ்வளவு விவரமாகத் தெரிந்துவைத்திருக்கும் எழுத்தாளரை டாக்டர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

அப்படியாக, சொன்ன பொய்யைக் காப்பாற்ற ஒரு கதை எழுதியாக வேண்டிய கட்டாயம். அதில் ஒரு வசதியும் இருந்தது. நான் செய்துகொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். கதையில் வருகிறவள் முதலில் போய்ப் படுத்து எழுந்து வரட்டும். அவள் பிழைத்தால் பார்த்துக்கொள்ளலாம்.

2

தொடக்கம் ஒன்று: "அவள் பல ஆண்டுகளாகச் சுமந்துவந்த பாரம்" [என்ன பாரம்? லாரியா ஓட்டுகிறாள்? வேண்டாம்.]

தொடக்கம் இரண்டு: "எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவளுக்கு முன்பாக நுழைவது" [இது பள்ளிக்கூடத்தில் பையன்கள் சொன்ன ஜோக். அதை நானே எடுத்து எழுதிக்கொடுக்க வேண்டுமா?]

தொடக்கம் மூன்று: "இயற்கை அவளுக்கு வாரி வழங்கிய" [அவள் கேட்டாளா?]

தொடக்கம் நான்கு: "அவள் ஒரு பல் டாக்டர்."

இது நின்றது. காரணம் எளிது. பல் டாக்டருக்கு வேலையே குனிவதுதான். நாற்காலியில் ஒருவர் அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு கிடப்பார். நம் ஆள் அவர் மேல் சாய்ந்து கடைவாய்ப் பல்லைப் பார்க்க வேண்டும். சாய்ந்தால் முதலில் எது போய் அவர் முகத்தில் படும் என்று நான் எழுதத் தேவையில்லை. அதனால் ஸ்டூலை எட்டப் போட்டு, முதுகை விறைப்பாக வைத்து, கையை நீட்டி வேலை செய்யப் பழகியிருக்கிறாள். அடுப்பில் தாளிப்பு வெடிக்கும்போது தள்ளி நின்று கரண்டியை நீட்டுவோமே, அந்த மாதிரி.

சாயங்காலமானால் வலதுகைச் சுண்டுவிரல் மரத்துப்போகும். அந்த விரல் போனால் தொழில் போச்சு. ஆகவே அவளுக்கு ஆபரேஷன் ஒரு தேவை. எனக்கோ அவ்வளவு கெட்டியான காரணம் கிடையாது. நான் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். சுண்டுவிரல் இல்லாமலும் பிழை திருத்தலாம். (இதற்குத்தான் கதாபாத்திரம் என்று ஒன்றை வைத்துக்கொள்வது. நமக்கு இல்லாத நியாயத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.)

3

பல் டாக்டருக்கு ஒரு கணவனைக் கொடுத்தேன். நல்ல மனிதன். "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்பான்.

என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, "இது நான்தானே?" என்றார்.

"இல்லவே இல்ல. இவன் பாத்திரம் கழுவுறான்."

"சரின்னு படுறதைச் செய்னு சொன்னா தப்பா?"

"தப்பில்ல. ஆனா பந்தை என் பக்கமே உருட்டி விட்டுட்டு டீ குடிக்கப் போயிடுறீங்க."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "எனக்குப் பயமா இருக்கு. மயக்க மருந்து, கத்தி, அதெல்லாம். வேண்டாம்னு சொன்னா வேற மாதிரி எடுத்துக்குவியோன்னுதான் சொல்லல" என்றார். இது என் கதையில் வரும் கணவனுக்குத் தோன்றாத வசனம். அப்படியே எடுத்து அவன் வாயில் போட்டுவிட்டேன். நிஜக் கணவர் ராயல்டி கேட்கவில்லை.

4

கதைக்காக இரண்டாவது முறையும் டாக்டரைப் பார்க்கப் போனேன். வரவேற்பு மேசைப் பெண் என்னைப் பார்த்ததும், "கதை மேடமா? உள்ள போங்க" என்றாள். ஊருக்கே தெரிந்துவிட்டது.

கதையில் வருகிறவள் ஒரு பல் டாக்டர் என்று சொன்னேன். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. தழும்பு கட்டாயம் இருக்கும். காம்பைச் சுற்றி ஒன்று, அங்கிருந்து கீழே ஒன்று, மார்புக்கு அடியில் மடிப்போடு ஒன்று. நாள்பட நிறம் மங்கும், மறையாது. காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குப் போய்விடவும் செய்யலாம். இனிமேல் பிள்ளை பெறுவதாக இருந்தால் பால் குறையலாம். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்காது.

"எவ்வளவு எடுப்பீங்க டாக்டர்?"

"உங்க கதையில வர்றவங்க எவ்வளவு போதும்னு நினைக்கிறாங்க?"

"குனிஞ்சா மூச்சு விட முடியணும். ஓடிப்போய் பஸ் பிடிக்கணும். கடையில சட்டையை மாட்டினா பட்டன் போடணும்."

"பல் டாக்டர் பஸ்லயா போறாங்க?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லை அடித்துவிட்டோம், பிறகு அடித்தது தப்பு என்று தெரிகிறது. அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்தால் போதும், 'இருந்தது இருந்தபடி இருக்கட்டும்' என்று அர்த்தம். அச்சகத்தில் திரும்பச் சேர்த்துவிடுவார்கள். இத்தனை வருடமும் அந்தப் புள்ளிகளை நம்பித்தான் தைரியமாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இங்கே அந்த வசதி கிடையாது. அடித்தால் அடித்ததுதான்.

5

பல் டாக்டருக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. (இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. மயக்க மருந்து கொடுத்து எண்ணச் சொன்னார்கள், எண்ணினாள், முடிந்துவிட்டது என்றார்கள்.)

கண் விழித்ததும் இரண்டு பக்கமும் கசிவு வடிய மெல்லிய குழாய், நுனியில் சின்னக் குப்பி. முன்பக்கம் கொக்கி வைத்த இறுக்கமான பிரா. அதை ராத்திரியும் பகலும் கழற்றக் கூடாது. சாய்ந்தபடிதான் தூங்க வேண்டும். சிரித்தால் வலிக்கும், இருமினால் வலிக்கும், தும்மல் வந்தால் முன்கூட்டியே அழுகை வரும். வலி மாத்திரை வயிற்றைக் கட்டிவிட்டது. அதைப் பற்றி எந்தக் கதையிலும் யாரும் எழுதுவதில்லை. அவளுக்கோ அந்த வாரம் அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. காரணமே இல்லாமல் ஒரு நாள் தேம்பித் தேம்பி அழுதாள். மறுநாள் கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பார்த்து, தன் வயிறு இவ்வளவு பெரிசா என்று முதல்முறையாகத் தெரிந்துகொண்டாள்.

பிறகு, "அவள் எழுந்து, மேல் தட்டிலிருந்த காப்பித்தூள் டப்பாவை எட்டி எடுத்து" என்று எழுதினேன்.

டாக்டரிடம் படித்துக் காட்டியபோது பதறிப்போனார். "யாரு கையைத் தூக்கச் சொன்னா? தையல் பிரிஞ்சிடும்!"

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக டப்பாவைத் திரும்ப மேலே வைத்துவிட்டு, அவளை மெதுவாக உட்கார வைத்தேன். ஆசிரியரின் கவனக்குறைவால் கதாபாத்திரத்துக்குக் காயம் என்று செய்தி வராமல் தப்பித்தது.

அவள் மறுபடி வேலைக்குப் போனதும் ஒரு வேடிக்கை. ஸ்டூலைப் பழையபடி எட்டப் போட்டுக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இனி எதுவும் இடிக்காது என்பது உடம்புக்கு இன்னும் உறைக்கவில்லை. வாயைத் திறந்தபடி கிடந்த நோயாளி, "டாக்டர், எனக்கு ஏதாவது தொத்து வியாதியா?" என்று கேட்டுவிட்டார். அப்புறம்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் இதுவரை ஒரு கடைவாய்ப் பல்லைப் பார்த்ததில்லை.

இதை எழுதியபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் கற்பனையில் செய்த ஆள் மேல் எனக்கே பொறாமை.

6

இவ்வளவு ஆன பிறகும் நான் டாக்டரிடம் உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் கத்தி அல்ல. அம்மா.

என் உடம்பு அம்மாவின் உடம்பு. அதே தோள், அதே பள்ளம். வாழ்நாள் முழுக்க அதை வைத்துக்கொண்டே துணிக்கடையில் நின்று வேலை பார்த்து, என்னை வளர்த்து, ஒரு வார்த்தை முனகாதவள். அவளிடம் போய் "என்னால முடியலம்மா" என்று எப்படிச் சொல்வது? நீ பட்டதெல்லாம் படாமலே இருந்திருக்கலாம் என்று சொல்வதாகிவிடாதா?

ஆகவே வழக்கம்போலக் கதையைக் கொடுத்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தாள்.

"இந்தப் பல் டாக்டரோட அம்மா எங்க?"

"அவங்க செத்துட்டாங்கம்மா. கதை தொடங்குறதுக்கு முன்னாடியே."

"எப்படிச் செத்தா?"

"அதெல்லாம் யோசிக்கல. இல்லாம இருந்தா எழுத வசதியா இருந்துச்சு."

"வசதியா இருந்துச்சா?" கண்ணாடியைக் கழற்றினாள். "ஏண்டி, ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வர்ற பொண்ணுக்கு முடி சீவி விடக்கூட ஆள் இல்லாம, என்னைக் கொன்னு போட்டிருக்கியே."

என்னை என்றாள். அவளை என்று சொல்லவில்லை.

"வலிக்குதுன்னு என்கிட்ட ஒரு நாளாவது சொன்னியா?"

"நீ சொன்னதில்லையேம்மா."

அம்மா காகிதங்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "குப்புறப் படுக்கலாமா, அதுக்கப்புறம்?"

"ஆறினதும் படுக்கலாமாம்."

"ஓ."

கொஞ்சம் கழித்து, "அந்த டாக்டர்கிட்ட கேளு. என் வயசுல எல்லாம் செய்வாங்களான்னு" என்றாள். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. என் அம்மாவை நினைத்து எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

7

முடிவு. கைவசம் சில இருக்கின்றன.

(அ) பல் டாக்டர் கடற்கரையில் ஓடுகிறாள். [விளம்பரம் மாதிரி இருக்கிறது.]

(ஆ) பல் டாக்டர் வருந்துகிறாள். [சிலர் வருந்துவதுண்டு என்று டாக்டர் சொன்னார். ஆனால் இவள் வருந்தவில்லை. நான் வற்புறுத்தியும் பார்த்துவிட்டேன்.]

(இ) நாங்கள் இரண்டு பேரும் டாக்டர் அறையில் உட்கார்ந்திருக்கிறோம். நானும் அம்மாவும்.

இதை நான் கற்பனை செய்யவில்லை.

"இவங்க யாரு? புதுக் கதாபாத்திரமா?" என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள். "கதையெல்லாம் இவளோட டாக்டர். நான் நிஜமாத்தான் கேக்க வந்தேன். எனக்கும் வலிக்குது, இவளுக்கும் வலிக்குது."

அவ்வளவுதான். நான் ஒரு கதை முழுக்க எழுதியும் சொல்ல முடியாததை, அம்மா நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. வயது ஒரு தடை இல்லை, இதயமும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் செய்யலாம் என்றார். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் வேண்டாம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றார். "முதல்ல யாருக்கு?"

"இவளுக்குப் பயம் டாக்டர்," என்றாள் அம்மா. "நான் முதல்ல போயிட்டு வரேன். இவ பாத்து, தைரியம் வந்து, அப்புறமா வரட்டும்."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

நான் ஒரு பதில் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் இங்கே எழுதப் போவதில்லை. இதுவரை என் இடத்தில் ஒரு பல் டாக்டர் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்துகொண்டாள். இப்போது அங்கே நீங்கள் உட்காருங்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பது உங்கள் அம்மா. டாக்டர் காத்திருக்கிறார்.

சொல்லுங்கள்.