இலெயும் வேறு, இலியும் வேறு

நியூமோனியாவுக்கு முன்னால் ஒரு பி எதற்கு என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும். எழுதும்போது உண்டு, சொல்லும்போது கிடையாது. சரி, பி ஊமை என்று மனப்பாடம் செய்துகொண்டால் அடுத்த பக்கத்திலேயே மூச்சுத் திணறலுக்கு டிஸ்ப்னியா என்று வருகிறது. அங்கே அதே பி வாயைத் திறந்து பேசுகிறது. ஒரு விதி போட்டால் அதன்படி நடக்க வேண்டும். இந்த மொழிக்கு அந்தப் பழக்கமே இல்லை.

என் பெயர் சகினா. திருவல்லிக்கேணி. அத்தா தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ் எனக்குக் காது வழியாக வரவில்லை, கண் வழியாக வந்தது. எழுத்தை அப்படியே தமிழ் மாதிரி கூட்டிப் படித்தேன். வெட்-நெஸ்-டே. க்னீ. ப்நெ-உமோனியா. அதனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் என்னிடம் இரண்டு சத்தம் இருக்கிறது. ஒன்று கைக்கு, இன்னொன்று வாய்க்கு. கைச்சத்தம் மனசுக்குள் ஓடினால் ஸ்பெல்லிங் தப்பவே தப்பாது. பதற்றத்தில் அது வாய்க்கு வந்துவிட்டால் மானம் போய்விடும்.

போனது. 98-இல், அடையாறில், ஒரு மாடி ஆபீஸில். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசி கேசட்டில் அனுப்புவார்கள். நாங்கள் ஹெட்போனை மாட்டி, காலால் பெடலை அமுக்கி நிறுத்தி நிறுத்திக் கேட்டு, டைப் அடிக்க வேண்டும். மூன்று மாதம் சம்பளம் இல்லாத பயிற்சி. கடைசி டெஸ்டில் தொண்ணூற்றெட்டு எடுத்தால் வேலை. இல்லாவிட்டால் மண்ணடியில் பெரியத்தாவின் பிளாஸ்டிக் கடையில் பில் போட வேண்டியதுதான். அதற்கு எதற்கு பி.எஸ்ஸி. என்று அவர் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

சொல்லிக்கொடுத்தவர் பரத்வாஜ் சார், மயிலாப்பூர். முதல் வாரமே ஒரு ரிப்போர்ட்டைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். எழுந்தேன். வாயில் கைச்சத்தம் வந்தது. க்னீ என்றதும் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்து சீட் ஹம்சினிதான் அதிகம் சிரித்தாள். கான்வென்ட். அடுத்த வாரத்திலிருந்து அவளே குனிந்து, "சகி, டயரியால எத்தனை ஆர்?" என்று கேட்க ஆரம்பித்தாள். டயர்ர்-ஹெ-அ. ரெண்டு ஆர், ஒரு ஹெச். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

திருவல்லிக்கேணியை டிரிப்ளிகேன் என்றும் எழும்பூரை எக்மோர் என்றும் வெள்ளைக்காரர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி மாற்றினால் அதுதான் சரியான பெயர். எழுதியிருக்கிற எழுத்தை எழுதியிருக்கிறபடி நான் படித்தால் சிரிப்பு.

டெஸ்ட் முடிந்து தாள்களைக் கொடுத்தார். எனக்குத் தொண்ணூற்றேழு. மூன்றே மூன்று சிவப்பு வட்டம், மூன்றும் ஒரே வார்த்தைமேல். தாளை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போய், இது ஏன் தப்பு என்று கேட்டேன். இலியத்துக்கு நடுவில் ஐ வர வேண்டும், நீ ஈ போட்டிருக்கிறாய் என்றார்.

ஐ போட்டால் இடுப்பெலும்பு, ஈ போட்டால் சிறுகுடலின் கடைசிப் பகுதி. இந்த ஆளுக்கு வெட்டி எடுத்தது குடலை, எலும்பை இல்லை என்றேன்.

அவர் கேசட்டைப் போட்டு அந்த இடத்தை ஸ்பீக்கரில் வைத்தார். "இலியம்னுதானே சொல்றார். காதுல விழறதோல்லியோ?"

இரண்டையும் இலியம் என்றுதான் சொல்வார்கள், காதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்றேன்.

"முதல்ல ப்ரொனன்ஸியேஷனைச் சரி பண்ணிண்டு வா. அப்புறம் ஸ்பெல்லிங் பேசலாம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு நம்ம தெரு வாய் வந்துவிட்டது.

"இன்னா சார் பேசறீங்க. உங்க வாய்ல ரெண்டும் ஒண்ணு. என் வாய்ல இலெயும் வேற, இலியும் வேற. இலெயும்னா குடல், இலியும்னா இடுப்பு. நான் தப்பா சொல்றேன், அதனாலதான் தப்பா எழுதறதில்ல."

மெடிக்கல் டிக்ஷனரி கண்ணாடி அலமாரியில் இருந்தது. ஹம்சினி எழுந்து போய் எடுத்து வந்தாள். அவள் தாளில் மூன்று இடத்திலும் ஐ. நூறு வாங்கியிருந்தாள். புத்தகத்தைப் பிரித்தால் தொண்ணூற்றேழு ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பக்கத்தைத் தேடிப் பிரித்து சார் முன்னால் வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். என் தாளில் வட்டங்களை அடித்துவிட்டு நூறு போட்டார். மற்றவர்களுக்கெல்லாம் மறுநாள் மறுபடி டெஸ்ட் என்றார். ஸாரி என்ற வார்த்தைக்கு ஸ்பெல்லிங் ரொம்ப சுலபம். அது மட்டும் வரவில்லை.

ஹம்சினி மறு டெஸ்டில் தேறினாள். அந்த வார்த்தை வந்தபோது உதடு அசைந்ததைப் பார்த்தேன். இலெயும் என்றுதான் அசைந்தது.

திங்கட்கிழமை சார் என்னைக் கூப்பிட்டார். ப்ரூஃப் பார்க்கிற வேலை. மற்றவர்கள் அடித்ததையெல்லாம் நான் திருத்த வேண்டும். அமெரிக்காவிலிருந்து ஆள் வந்தால் ஹம்சினி பேசிக்கொள்வாள், நான் பேச வேண்டாம் என்றார். அவர்களுக்கு எழுதிக் காட்டுகிறேன் சார் என்றேன். முறைத்துவிட்டு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை நீட்டினார்.

நின்றபடியே படித்தேன். தலைப்பிலேயே இடித்தது. பெர்சனல் என்று அடித்து, ஆட்களைப் பார்க்கிற டிபார்ட்மென்ட்டை 'சொந்த விஷயம்' டிபார்ட்மென்ட் ஆக்கியிருந்தார்கள்.

"சார், பெர்சொன்-நெல். கடைசியில நெல்லு விட்டுப்போச்சு."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். மெதுவாக, சத்தமில்லாமல், பெர்-சொன்-நெல் என்று சொல்லிப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டருக்குப் போய்த் தானே திருத்தி, புதுத் தாளோடு வந்தார்.

நெல் வந்திருந்தது. கீழே என் பெயர், கதவு எண், தெரு, டிரிப்ளிகேன். அதைத் திருத்துகிற வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.